20 அடி 6 அங்குலம்: எங்கட ரீட்மீக்கு எந்த வழி தோது?

போன காலபோகத்தில் ஒரு சின்னக் குளத்தின் நீர்மட்டம் எங்கட மென்பொருளில் 20.6 அடி என்று பதிவானது. அடுத்த நாள் 20.11. அதற்கு அடுத்த நாள் 21.2. வெளியில் மழை விடாமல் ஊற்றுகிறது. வரைபடத்திலோ குளம் ஒரு நாள் அரை அடி வற்றி, மறுநாள் ஒரு அடிக்கு மேல் துள்ளி எழும்புகிறது. நிரலில்தான் எங்கோ கோளாறு என்று இரண்டு இரவு தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பதிவு போட்ட கமக்காரர் அமைப்பின் செயலாளருக்கே கோல் எடுத்தேன்.

"தம்பி, குளக்கட்டில நிக்கிற அளவுகோல் அடியும் அங்குலமும்தானே? 20 அடி 6 அங்குலம். அப்பிடியே அடிச்சனான். அடுத்த நாள் 20 அடி 11 அங்குலம். இதில என்ன பிழை?"

அவரில் ஒரு பிழையும் இல்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் மட்டத்தைப் பத்திரிகைகள் போட்டாலும் அடி, அங்குலத்தில்தான் போடும். எங்கட நிரல் தசம அடியை எதிர்பார்த்தது. 20 அடி 6 அங்குலம் என்றால் அதற்கு 20.5, 20 அடி 11 அங்குலம் என்றால் 20.92. இதைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் ரீட்மீ, அதாவது மென்பொருளோடு வரும் 'முதலில் என்னை வாசி' கோப்பு. அதில் ஏறக்குறைய 1800 சொற்கள் இருந்தன. உச்சியில் திட்டத்தின் நிலையைக் காட்டும் வண்ண வண்ணமான ஏழு சின்னப் பட்டைகள், கீழே தரவுத்தளத்தின் வரைபடம், அதற்குக் கீழே எதிர்காலத் திட்டங்கள். ஒரு நாள் பதிவு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வரி உதாரணம் மட்டும் இல்லை.

அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் கிளிநொச்சியில் ஒரு ஞாயிறு கூடி இருந்து, ரீட்மீயை என்ன செய்வது என்று கதைத்தோம். எங்களுக்கு முன்னால் இருந்த வழிகள், ஒவ்வொன்றும் எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதை எழுதி வைக்கிறேன். உங்கட திட்டம் குளத்தைப் பற்றியதாக இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று பேர் ஓய்வு நேரத்தில் செய்கிற திறந்த மூலத் திட்டம் என்றால் பெரும்பாலும் இதே கணக்குத்தான்.

முதலில் மென்பொருளைப் பற்றி இரண்டு வரி. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த பிறகு தொடங்கின வேலை இது. ஒவ்வொரு குளத்தின் நாளாந்த நீர்மட்டத்தையும் மழையையும் பதிந்து, வாய்க்கால் வாரியாகக் கமக்காரருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். பைதனில் எழுதினது. நிரல், திட்டங்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது.

யார் வந்து வாசிக்கிறார்கள்?

கூடின உடனே எந்தக் கருவி நல்லது என்று சண்டை தொடங்கிவிட்டது. ஒருவர் தனித் தளம் வேண்டும் என்றார், மற்றவர் விக்கி போதும் என்றார். நான் வேறொரு யோசனை சொன்னேன்: வாசிக்கிற ஆள் ஒருவரைப் பக்கத்தில் இருத்திப் பார்ப்போம்.

அறிவியல்நகரில் படிக்கிற தம்பி ஒருவர் வந்தார். விண்டோஸ் மடிக்கணினி. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: வாய் திறக்கக் கூடாது. அவர் திரையைப் பார்க்கட்டும், நான் அவரைப் பார்த்து எழுத வேண்டும்.

முதல் கட்டளை 'கிட் குளோன்', கிட் என்ற கருவியால் நிரலை இறக்குவது. அவரிடம் கிட் இல்லை. பச்சை நிற 'கோட்' பட்டனைத் தட்டி ஸிப்பாக இறக்கினார். அப்படி ஒரு வழி இருப்பதாக எங்கட ரீட்மீ எங்குமே சொல்லவில்லை. அடுத்தது 'பைதன்3' என்று தொடங்கும் கட்டளை. அந்த முதல் சொல்லை மட்டும் அடித்ததும் மைக்ரோசொப்ட் ஸ்டோர் திறந்தது. விண்டோஸில் பைதன் போடாமல் அந்தச் சொல்லை மட்டும் அடித்தால் அப்படித்தான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகும். லினக்ஸில் இருந்து எழுதின எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அதையும் தாண்டினார். பிறகு மாதிரி அமைப்புக் கோப்பை (செட்டிங்ஸ் இருக்கும் கோப்பு) கொப்பி பண்ணிப் பெயர் மாற்ற வேண்டிய இடம். அவர் நோட்பேடில் திறந்து சேமித்தார். நோட்பேட் பெயருக்குப் பின்னால் ஒரு 'டிஎக்ஸ்டி' ஒட்டியது. விண்டோஸ் அந்த வாலை மறைத்து வைத்தது. மென்பொருள் 'கோப்பு இல்லை' என்கிறது, கோப்பு கண் முன்னால் இருக்கிறது. அதிலேயே பதினைந்து நிமிடம் போனது. எனக்கு வாயில் வந்த சொல்லை விழுங்கினேன்.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஒரு கறுப்புத் திரையில் நான்கு வரி வந்து நின்றது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணை, இப்ப ஓடுதா, இல்லாட்டி நிண்டிட்டுதா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடினால் திரை எப்படி இருக்கும் என்று நாங்கள் எழுதவில்லை.

அந்த நாற்பது நிமிடத்தில் மூன்று வகை வாசகர் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தார்கள். பதிவு போடும் செயலாளர். அமைப்புக்காக ஒரு முறை நிறுவிக் கொடுக்கும் பெடியனோ பெட்டையோ. நிரலைத் திருத்த வரும் ஆள். அவர் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். எந்த வழியைப் பார்த்தாலும் இந்த மூவரையும் வைத்தே பார்த்தோம்.

ஒரே கோப்பாகவே வைத்து வெட்டித் திருத்துவது

ஆகச் சுலபமானது இது. நிரல் கிடக்கும் களஞ்சியத்தைத் திறந்தாலே கிட்ஹப் ரீட்மீயைக் காட்டிவிடும். தலைப்புகளை வைத்து உள்ளடக்கப் பட்டியலையும் தானே போட்டுக்கொடுக்கும். ஸிப்பாக இறக்கினாலும் கூடவே வரும். பராமரிக்க ஒரு கோப்பு, தேட ஒரு பக்கம். 500 கிபைட்டுக்கு மேல் போனால் கிட்ஹப் மிச்சத்தை வெட்டிவிடும் என்பது உண்மைதான். அந்த அளவுக்கு எழுதுகிறவருக்கு வேறு பிரச்சினைகள் இருக்கும்.

குறை, மூன்று வாசகரும் ஒரே முதல் திரைக்கு அடிபடுவதுதான். நிரல் திருத்த வருகிறவருக்குச் சோதனைகளை ஓட்டும் கட்டளை முதலில் வேண்டும், நிறுவுகிறவருக்கு விண்டோஸ் வழி வேண்டும், செயலாளருக்கு இரண்டுமே வேண்டாம். யாருக்கு முன்னுரிமை கொடுத்தாலும் மற்ற இருவர் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போக வேண்டும். எங்கட ஆக்கள் அநேகமானோர் போனில்தான் திறக்கிறார்கள். போனில் நீளக் கட்டளை பக்கவாட்டில் ஓடும், அட்டவணை இரண்டாம் நெடுவரிசையோடு மறைந்துவிடும்.

ஒரு கட்டளையில் நிறுவி ஒரு கட்டளையில் ஓடும் சின்ன நூலகம் என்றால், இதைத் தாண்டி வேறு ஒன்றையும் யோசிக்க வேண்டாம். எங்களுக்கு அது போதவில்லை.

விக்கி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிட்ஹப் விக்கி என்பது உலாவியிலேயே எழுதித் திருத்தும் பக்கங்கள்; அது தனியான ஒரு கிட் களஞ்சியம். ஸிப்பில் வராது. இழு கோரிக்கை (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள் என்ற விண்ணப்பம்) போட்டுப் பார்வையிட்டு ஏற்கும் முறையும் அதில் இல்லை. அலகைப் பிழையாக எழுதினால் வரைபடம் துள்ளுகிற ஒரு திட்டத்துக்கு, யாரும் பாராமல் மாறுகிற பக்கம் ஆகாது. இதை முன்மொழிந்தவரே பத்து நிமிடத்தில் கைவிட்டார்.

தனி ஆவணத் தளம்

எனக்கு இதில் ஆசை இருந்தது, ஒளிப்பானேன். ஆவணத் தளம் கட்டும் கருவியான ஸ்பிங்ஸ் 2008இல் இருந்து இருக்கிறது. பைதனின் சொந்த ஆவணங்களே அதில்தான் கட்டப்படுகின்றன. அதே வேலைக்கு எம்கேடொக்ஸ் 2014இல் வந்தது, எளிய குறிகள் மட்டும் போட்டு எழுதும் மார்க்டவுனிலேயே எழுதலாம். ரீட் த டொக்ஸ் திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசமாக இடம் தருகிறது; கிட்ஹப் பேஜஸும் தருகிறது. தேடல் பெட்டி, பக்கப் பட்டியல், பதிப்புக்கொரு ஆவணம் எல்லாம் கிடைக்கும். பார்வைக்கும் வடிவு.

எம்கேடொக்ஸில் ஒரு வாரம் கட்டிப் பார்த்தோம். இரண்டு விசயம் உறுத்தியது. தளத்தைக் கட்டும் கருவிக்கும் பதிப்பு உண்டு, அதற்கும் புதுப்பித்தல் உண்டு. நாங்கள் இந்தத் திட்டத்தைக் காலபோகத்துக்கு முன் ஒரு முறை, சிறுபோகத்துக்கு முன் ஒரு முறை ஊன்றித் தொடுகிறவர்கள். ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தால் நிரலுக்கு முன் ஆவணக் கருவியைத் திருத்த வேண்டியிருக்கும். ரீட் த டொக்ஸ் 2023இல் இருந்து ஒவ்வொரு திட்டமும் தன் அமைப்புக் கோப்பை வைத்திருந்தால்தான் கட்டித் தரும் என்றாக்கியது. நியாயமான விதிதான். ஆனால் அப்படியொரு விதி மாறியது எங்களுக்குத் தெரியவரவே ஒரு போகம் கடந்துவிடும்.

மற்றது இணைப்பு. ஒட்டுசுட்டானில் ஒரு கமக்காரர் அமைப்புக் கட்டிடத்துக்குள் இருந்து நிறுவுகிறவருக்கு சிக்னல் முற்றத்து மரத்தடியில்தான் கிடைக்கிறது. ஸிப்பை வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகிறவருக்கு, ஆவணமும் அந்தப் பென்டிரைவிலேயே இருக்க வேண்டும்.

பத்துப் பேருக்கு மேல் நிரல் எழுதுகிறார்கள், மூன்று பதிப்புகள் ஒரே நேரத்தில் பாவனையில் இருக்கின்றன, நிரலுக்குள் இருக்கும் விளக்கங்களில் இருந்து உசாத்துணையைத் தானாக எடுக்க வேண்டும் என்றால் தனித் தளத்துக்குப் போங்கள். அதுவரைக்கும் அது ஆள் இல்லாத வீட்டுக்கு மாடி கட்டுகிற வேலை.

கட்டையான ரீட்மீயும், அதே களஞ்சியத்தில் 'டொக்ஸ்' கோப்புறையும்

கடைசியில் இதைத்தான் எடுத்தோம்.

எங்களை இழுத்த முக்கிய காரணம், நிரல் மாற்றமும் ஆவண மாற்றமும் ஒரே இழு கோரிக்கையில் வரலாம் என்பது. புது வசதி ஒன்று வந்தால், பார்வையிடுகிறவர் "இதுக்குரிய பக்கம் எங்க?" என்று அதே இடத்தில் கேட்கலாம். ஆவணத்துக்கென்று தனி நாள் ஒதுக்கினால் அந்த நாள் வராது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கோப்புகளுக்கு இடையிலான இணைப்புகளை முழு முகவரியாக எழுதாமல், களஞ்சியத்துக்குள் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும் சார்பு முகவரியாக எழுதினோம். அப்போதுதான் வேறு ஆள் தனக்கென்று பிரதியெடுத்த களஞ்சியத்திலும், நிரலின் வேறு கிளையிலும் (இணையாக ஓடும் வடிவம்) அவை சரியான பக்கத்துக்கே போகும். முழு முகவரி போட்டால் எங்கிருந்து தட்டினாலும் எங்கட பிரதான கிளைக்கே கொண்டுபோய் விடும். பழைய பதிப்பை வைத்திருப்பவர் புதுப் பதிப்பின் கட்டளையை வாசித்துக் குழம்புவார்.

கோப்புறைக்குள் என்னென்ன பக்கம் என்பதற்கு டானியேல் புரோசிடாவின் டியாடக்ஸிஸ் முறை கொஞ்சம் கைகொடுத்தது. கற்பிக்கும் பக்கம், ஒரு வேலையை முடிக்க வழிகாட்டும் பக்கம், உசாத்துணை, விளக்கம் என்று நாலாகப் பிரிக்கச் சொல்கிறது அது. நாங்கள் நாலையும் செய்யவில்லை. நிறுவுவதற்கு ஒன்று, நாளாந்தப் பதிவுக்கு ஒன்று, நிரல் திருத்துகிறவருக்கு ஒன்று. தரவுத்தள வரைபடமும் எதிர்காலத் திட்டங்களும் மூன்றாவதற்குள் போய்விட்டன. பட்டைகள் ஏழில் ஐந்தை எடுத்தெறிந்தோம்.

ரீட்மீயின் முதல் திரையில் இப்போது இருப்பது: இது என்ன செய்யும் என்று இரண்டு வரி, அனுப்பப்படும் எஸ்எம்எஸ் ஒன்றின் மாதிரி, ஒரு நாள் பதிவின் மாதிரி, மூன்று வாசகருக்கும் மூன்று இணைப்பு, உரிமம். உரிமத்தைச் சின்ன விசயம் என்று விடாதீர்கள். களஞ்சியம் பொதுவில் இருந்தாலும், உரிமம் போடாவிட்டால் பதிப்புரிமை முழுக்க எழுதினவரிடமே இருக்கும்; மற்றவர் எடுத்துப் பாவிக்கச் சட்டப்படி அனுமதி இல்லை.

இந்த வழிக்கும் குறை உண்டு. கோப்புறை பரண் மாதிரி, கண்டதையும் தூக்கிப் போட ஆசை வரும். அடுத்தது, ஸிப்பை இறக்கினவர் மார்க்டவுன் கோப்பை நோட்பேடில்தான் திறப்பார். ஜோன் குரூபர் 2004இல் மார்க்டவுனை வெளியிட்டபோது, அது வெறும் எழுத்தாகப் பார்த்தாலும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த நோக்கத்தை நாங்களும் காப்பாற்ற வேண்டும் என்று, அட்டவணைகளைக் கழற்றிச் சாதாரண வரிகளாக்கினோம். திரையைப் பிடித்த படங்களில் (ஸ்கிரீன்ஷொட்) இரண்டை மட்டும் வைத்தோம். அசையும் படம் ஒன்று முன்பு இருந்தது. டேற்றாவைக் குடித்ததுதான் மிச்சம்.

இடையில் ஒரு அரட்டைச் செயலியிடமும் ரீட்மீயை எழுதக் கொடுத்துப் பார்த்தோம். வழவழப்பாகத்தான் எழுதியது. எங்கட மென்பொருளில் இல்லாத ஒரு கட்டளையையும் சேர்த்து எழுதியது. தலைப்புகளின் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம்.

எந்த மொழியில்?

இதில்தான் ஆக நேரம் போனது. ஆங்கிலம் மட்டும் என்றால் நிரல் எழுதுகிறவருக்குப் போதும், செயலாளருக்கு ஆகாது. ஒரே கோப்பில் ஒரு பந்தி ஆங்கிலம், ஒரு பந்தி தமிழ் என்று போட்டுப் பார்த்தோம். இரண்டு மொழிக்காரரும் மற்றவரின் பந்தியைத் தாண்டித் தாண்டி வாசிக்க வேண்டியிருந்தது. போனில் அது இன்னும் மோசம்.

எனவே தமிழுக்குத் தனிக் கோப்பு. இரண்டு கோப்பின் உச்சியிலும் மற்றதற்கு இணைப்பு. ஆனால் எல்லாவற்றையும் தமிழாக்கவில்லை. நிறுவும் பக்கமும் நாளாந்தப் பதிவுப் பக்கமும் மட்டும் தமிழில். நிரல் திருத்துவோருக்கான பக்கம் அடிக்கடி மாறும். அதைத் தமிழில் வைத்தால் ஒரு வருடத்தில் பழசாகி, வாசிக்கிறவரைப் பிழையான வழியில் விடும். பழைய தமிழ்ப் பக்கத்தை விடத் தமிழ்ப் பக்கமே இல்லாதிருப்பது நல்லது என்று மற்ற இருவரும் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு ஒத்துக்கொண்டேன். தமிழ்க் கோப்பின் முதல் வரியில், இது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று போட்டிருக்கிறோம். வவுனியா தெற்கில் இருந்து சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். எழுதி, தொடர்ந்து பார்க்கக்கூடிய ஆள் கிடைக்கும்வரை வெறும் கோப்பைத் திறந்து வைக்கப் போவதில்லை.

தமிழ் வரைவை எங்களுக்கு முதலில் அடித்துத் தந்தவர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். அவருடைய கணினியில் அது அழகான தமிழ். கிட்ஹப்பில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினியில் எழுத்துருதான் தமிழைக் காட்டுகிறது, அடியில் கிடப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித்தான் ஏற்றினோம். மாற்றியின் வேலையைக் கண்மூடி நம்ப வேண்டாம். இடையில் வந்த ஆங்கிலக் கட்டளைகளையும் அது தமிழாக்கி விளையாடும். கட்டளைகளைக் கையால் திரும்ப அடித்தோம்.

இன்னொரு பாடம் பட்டன் பெயர்கள். நான் ஆர்வத்தில் 'டவுன்லோட் ஸிப்' என்பதை 'சுருக்கக் கோப்பாய்ப் பதிவிறக்கு' என்று எழுதியிருந்தேன். அறிவியல்நகர்த் தம்பி திரை முழுக்க அந்தத் தமிழைத் தேடினார். திரையில் எது எந்த மொழியில் இருக்கிறதோ, அதை அப்படியே எழுதிவிட்டுப் பக்கத்தில் தமிழில் விளக்குகிறோம் இப்போது. 'களஞ்சியம்', 'கோப்புறை' போன்ற சொற்களுக்குப் பிரச்சினை இல்லை, பாடசாலையில் படித்தவைதான்.

பிறகு நடந்தது

நாளாந்தப் பதிவுப் பக்கத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, "அங்குலத்தை 12ஆல் வகுத்து அடியோடு கூட்டி எழுதவும்" என்று ஒரு வரி வந்தது. எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். விடியக்காலை குளக்கட்டில் நின்று போனில் பதிவு போடுகிற மனிசன் எதற்கு 12ஆல் வகுக்க வேண்டும்? அது கணினியின் வேலை. அந்த வரியை அழித்துவிட்டு நிரலைத் திருத்தினோம். இப்போது அடிக்கு ஒரு பெட்டி, அங்குலத்துக்கு ஒரு பெட்டி. அங்குலப் பெட்டியில் 12 அடித்தால் ஏற்காது. ரீட்மீயின் மாதிரிப் பதிவும் அப்படியே மாறியது: திகதி, குளம், 20 அடி, 6 அங்குலம், மழை மில்லிமீற்றரில்.

கோப்புப் பெயர்ச் சிக்கலும் அதே மாதிரிப் போனது. "வாலை மறைக்கும் அமைப்பை நிறுத்தவும்" என்று மூன்று படி எழுதுவதற்குப் பதிலாக, மென்பொருள் முதல் முறை ஓடும்போது அமைப்புக் கோப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ரீட்மீயில் ஒன்பது வரி குறைந்தது.

மிச்சம் இருப்பது தமிழ்க் கோப்பை யார் பார்ப்பது என்பதுதான். அந்தத் தம்பி தன் இறுதிப் பரீட்சை வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சிறுபோகத்துக்கு முன் இன்னொரு ஆளை இருத்தி, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த முறை செயலாளர் ஐயாவையே கேட்டிருக்கிறேன். "கணினியில வேண்டாம், என்ர போனிலதான் காட்டுவன்" என்றார்.